பட்டவரே எழுதிய சாட்சியம்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் லாயிட் குடும்பத்தாரின் பெரிய பண்ணை. ஆஸ்டின் கோர் என்ற கங்காணி, டெம்பி என்ற அடிமையைச் சவுக்கால் விளாசிக்கொண்டிருந்தான். வலி பொறுக்காத டெம்பி ஓடிப்போய் ஓடையில் இறங்கி, தோளளவுத் தண்ணீரில் நின்றுகொண்டான். மூன்று தடவை கூப்பிடுவேன், வராவிட்டால் சுட்டுவிடுவேன் என்றான் கோர். மூன்று தடவையும் கூப்பிட்டான். டெம்பி அசையவில்லை. துப்பாக்கி வெடித்தது. அங்கிருந்த அடிமைகள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். வழக்கு எதுவும் வரவில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் அடிமைகள். வெள்ளையர் ஒருவருக்கு எதிராக அடிமை சாட்சி சொல்ல அந்த மாநிலச் சட்டத்தில் அன்று இடமில்லை.

அதே பண்ணையில் சிறுவனாக வளர்ந்தவர் பிரடெரிக் டக்ளஸ். 1845ஆம் ஆண்டு பாஸ்டனில் அச்சான தன் வாழ்க்கை வரலாற்றில் இந்தக் கொலையை எழுதினார். கொன்றவன் பெயர், செத்தவன் பெயர், பண்ணைக்காரர் பெயர், மாநிலம் எல்லாம் அதில் இருந்தன. நீதிமன்றம் காதில் வாங்காத சாட்சியத்தை ஐம்பது சென்ட் கொடுத்து யாரும் வாங்கிப் படிக்கலாம் என்று ஆனது.

அடிமை முறையை ஒழிக்க நடந்த நூற்றாண்டுக் கால வாதத்தில் பாதிரியார்கள் எழுதினார்கள், வழக்கறிஞர்கள் எழுதினார்கள், கவிஞர்கள் எழுதினார்கள். அவர்கள் எழுதியதெல்லாம் ‘அவர்கள் படும் துன்பம்’ பற்றியது. அடிமையாக இருந்தவர்களே ‘நான்’ என்று தொடங்கி எழுதிய புத்தகங்கள் வந்த பிறகு வாதத்தின் போக்கே மாறிற்று. எதிர்த்தரப்பு அதுவரை கொள்கையை மறுத்தால் போதும் என்றிருந்தது. இப்போது ஓர் ஆளை மறுக்க வேண்டிவந்தது. அந்த ஆளும் எதிரில் வந்து நின்று பதில் சொன்னார்.

இந்த வழிக்கு முதலில் பெரிய அளவில் பாதை போட்டவர் ஒலாடா எக்வியானோ. அடிமையாக விற்கப்பட்டு, கப்பல் கப்பலாக வேலை செய்து, மேற்கிந்தியத் தீவான மான்செராட்டில் சிறு வியாபாரம் செய்து காசு சேர்த்து, 1766இல் நாற்பது பவுன் கொடுத்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கிக்கொண்டவர். பிறகு லண்டனில் குடியேறினார். ‘ஸாங்’ என்ற கப்பலில் இருந்து 130க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தூக்கியெறிந்துவிட்டு, அதற்கு இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு முதலாளிகள் வழக்காடிய செய்தியை 1783 மார்ச்சில் கிரான்வில் ஷார்ப் என்ற அடிமை ஒழிப்பாளரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவர்தான்.

எக்வியானோவின் சுயசரிதை 1789இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்போர்ஸ் அடிமை வியாபாரத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தில் முதல் பேச்சைப் பேசினார். அச்சடிக்கும் முன்பே சந்தா சேர்த்துப் புத்தகம் வந்தது. சந்தாதாரர் பட்டியலில் வேல்ஸ் இளவரசர் பெயரும் உண்டு. பதிப்புரிமையை எக்வியானோ யாருக்கும் விற்கவில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்று ஊர் ஊராகப் போய்த் தானே பேசி, தானே விற்றார். அவர் உயிரோடு இருக்கும்போதே ஒன்பது பதிப்புகள் வந்தன.

எதிர்ப்பும் உடனே வந்தது. அவர் ஆப்பிரிக்காவில் பிறந்தவரே அல்ல, டேனிஷ்காரர்களின் சாண்டா குரூஸ் தீவில் பிறந்தவர் என்று 1792இல் லண்டன் பத்திரிகைகள் எழுதின. எழுதியவன் பொய்யன் என்று காட்டிவிட்டால் எழுதியதும் பொய்யாகிவிடும் என்பதுதான் கணக்கு. எக்வியானோ அடுத்த பதிப்பின் முகப்பிலேயே அதற்குப் பதில் அச்சிட்டார்; தான் இங்கிலாந்துக்கு வந்த புதிதில், ஆப்பிரிக்க மொழியைத் தவிர வேறெதுவும் பேசாத காலத்தில், தன்னை அறிந்திருந்தவர்களின் பெயர்களைச் சாட்சிக்கு வைத்தார். அவர் பிறந்த இடம் பற்றிய சர்ச்சை நம் காலத்திலும் தொடர்கிறது. 1759ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பிறந்த இடம் கரோலினா என்று இருப்பதை வின்சென்ட் கரேட்டா என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டினார். அந்தப் பதிவு சரியா, எக்வியானோ எழுதியது சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இரு பக்கமாக நிற்கிறார்கள். ஆனால் கப்பல்களிலும் தீவுகளிலும் அவர் கண்டதாக எழுதியவற்றில் மிகப் பல, கப்பல் பதிவுகளோடு ஒத்துப்போகின்றன. அதைக் காட்டியவரும் அதே கரேட்டாதான்.

1807இல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்தது. வியாபாரத்துக்குத்தான் தடை. ஏற்கெனவே அடிமையாக இருந்தவர்கள் அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மேரி பிரின்ஸ்.

பெர்முடா தீவில் பிறந்தவள். பன்னிரண்டு வயதுவாக்கில் தாயின் கண்முன் தங்கைகளோடு சந்தையில் நிறுத்தி விற்றார்கள். பிறகு டர்க்ஸ் தீவின் உப்பளங்களுக்கு அனுப்பினார்கள். விடிவதற்கு முன்பே நாலு மணிக்கு உப்புத் தண்ணீரில் முழங்கால் நனைய இறங்க வேண்டும், ஒன்பது மணிக்கு வேகவைத்த சோளம், மறுபடி தண்ணீர். காலில் கொப்புளம் எழும்பி, உப்பு அரித்து, சில பேருக்கு எலும்பு வரை புண் இறங்கியதை அவள் சொல்கிறாள். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1828இல் எஜமானர் ஜான் வுட் குடும்பத்தோடு மேரி லண்டன் வந்தாள். இங்கிலாந்து மண்ணில் அவளை யாரும் கட்டிப்போட முடியாது. ஆனால் கணவன் இருந்த ஆன்டிகுவாவுக்குத் திரும்பினால் மறுபடி அடிமை. விடுதலையை விலைக்குக் கேட்டும் வுட் தர மறுத்தார். வீட்டை விட்டு வெளியேறியவளுக்கு அடிமை ஒழிப்புச் சங்கத்தின் செயலாளர் தாமஸ் பிரிங்கிள் தன் வீட்டில் வேலை கொடுத்தார். அடிமை என்ன பட்டாள், என்ன நினைத்தாள் என்பதை இங்கிலாந்து மக்கள் அடிமையின் வாயாலேயே கேட்க வேண்டும் என்று விரும்பியது மேரிதான் என்கிறார் பிரிங்கிள் தன் முன்னுரையில். அவள் சொல்லச் சொல்ல, அந்த வீட்டில் விருந்தாளியாக இருந்த சூசன்னா ஸ்ட்ரிக்லண்ட் எழுதினார். பிரிங்கிள் தொகுத்தார். 1831இல் நூல் வெளிவந்தது; அந்த ஓராண்டிலேயே மூன்று பதிப்பு.

பேச்சு அவளுடையது, காகிதமும் கத்தரிக்கோலும் மற்றவர்களுடையவை. படிக்கிறவர்கள் நம்ப வேண்டுமே என்ற பயம் அந்த நூல் முழுக்கத் தெரிகிறது. பர்மிங்ஹாம் பெண்கள் சங்கத்தார், மேரியின் உடம்பில் தழும்பு இருப்பது உண்மைதானா என்று கேட்டு எழுதினார்கள். பிரிங்கிளின் மனைவி அவள் முதுகைப் பார்த்து, தழும்புகள் நிறைந்திருப்பதாகச் சாட்சிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் மூன்றாம் பதிப்பில் பின்னிணைப்பாகச் சேர்ந்தது. ஒரு பெண் சொன்ன சொல் போதாமல், அவள் முதுகைத் திறந்து பார்த்து இன்னொரு பெண் கையெழுத்திட வேண்டியிருந்தது. அந்தக் காலத்து நல்லவர்களின் எல்லை இதுதான். இதைச் சொல்லாமல் அவர்களைப் புகழ்வது சரியல்ல.

‘பிளாக்வுட்ஸ்’ பத்திரிகை மேரியையும் பிரிங்கிளையும் கேவலமாகத் தாக்கியது. 1833இல் இரண்டு அவதூறு வழக்குகள் நடந்தன. பத்திரிகையை லண்டனில் வெளியிட்டவர் மேல் பிரிங்கிள் போட்ட வழக்கில் அவருக்கு வெற்றி. பிரிங்கிள் மேல் வுட் போட்ட வழக்கில் பிரிங்கிளுக்குத் தோல்வி. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சாட்சிகளைக் கொண்டுவர அவரால் முடியவில்லை. மேரி பிரின்ஸ் நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னாள். திருமணத்துக்கு முன் தனக்கு வேறொருவரோடு உறவு இருந்ததையும், அதை எழுதியவரிடம் தான் மறைக்காமல் சொன்னதையும், அச்சில் அது வரவில்லை என்பதையும் அவளே அங்கே சொன்னாள். வாசகர் முகம் சுளிக்கக் கூடாது என்று தொகுத்தவர்கள் விட்டுவிட்டதை அவள் மறைக்க நினைக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எஜமானர்களுக்கு இரண்டு கோடி பவுன் நஷ்டஈடு. அடிமைகளுக்கு ஒன்றுமில்லை.

அட்லாண்டிக்கின் மறுகரையில் வாதம் இன்னும் சூடாக இருந்தது. 1838இல் ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்பவர் சொல்ல, கவிஞர் விட்டியர் எழுதிய ஒரு நூலை அமெரிக்க அடிமை ஒழிப்புச் சங்கம் வெளியிட்டது. அலபாமாவிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் மறுப்பு எழுதினார்: இந்தப் பெயர்களில் இங்கே பண்ணையும் இல்லை, பண்ணைக்காரரும் இல்லை. சங்கம் விசாரித்துப் பார்த்து, அதே ஆண்டில் நூல் விற்பனையை நிறுத்திக்கொண்டது. வில்லியம்ஸ் உண்மையிலேயே அடிமையாக இருந்தவர்தான், பெயர்களை மாற்றிச் சொல்லியிருந்தார் என்று நம் காலத்து ஆய்வு கண்டறிந்தது. ஓடிவந்தவருக்குப் பெயரை மறைக்கக் காரணம் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அந்த ஒரு பிசகு எதிரிகளுக்கு வெல்லக்கட்டி ஆயிற்று.

அதே 1838இல்தான் டக்ளஸ் பால்டிமோரிலிருந்து தப்பினார். மூன்றாண்டு கழித்து நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டத்தில் எழுந்து பேசினார். அன்றிலிருந்து மேடைப் பேச்சே வேலை. சங்கத்து நண்பர்கள் அவரிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: நடந்ததைச் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கொஞ்சம் பண்ணைப் பேச்சும் கலந்து பேசு, இல்லாவிட்டால் ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். அவர் அடக்கிப் பேசவில்லை. ஆகவே நண்பர்கள் பயந்ததே நடந்தது. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவன் சவுக்கடி பட்டவனா, எந்த ஊர், எந்த எஜமானன், சொல்லட்டும் என்று கூட்டத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது.

அதற்குப் பதில்தான் 1845ஆம் ஆண்டுப் புத்தகம். தலைப்பிலேயே ‘அவரே எழுதியது’ என்று போட்டார்கள். முன்னால் அடிமை ஒழிப்பாளர்களான கேரிசனின் முன்னுரையும் வெண்டல் பிலிப்ஸின் கடிதமும் இருந்தன; வெள்ளையர் கையெழுத்து இல்லாமல் அன்று இப்படிப்பட்ட நூல் வெளிவருவது அபூர்வம். உள்ளே டக்ளஸ் கணக்குப்பிள்ளை போல் எழுதுகிறார். ஆள் ஒன்றுக்கு மாதம் எட்டு ராத்தல் பன்றிக்கறி அல்லது மீன், ஒரு புஷல் சோளமாவு. வருஷத்துக்கு முரட்டுத்துணிச் சட்டை இரண்டு. சின்னப் பிள்ளைகளுக்குக் களியைத் தொட்டியில் கொட்டித் தரையில் வைத்தார்கள். சிப்பி ஓட்டால் அள்ளியவன், ஓட்டுத்துண்டால் அள்ளியவன், வெறும் கையால் அள்ளியவன், யார் வேகமாகத் தின்றானோ அவனுக்குத்தான் வயிறு நிறைந்தது. பனிக்காலத்தில் போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லாமல், ஆலைக்குச் சோளம் கொண்டுபோகும் சாக்கைத் திருடி, தலையை உள்ளே விட்டு, காலை வெளியே நீட்டிப் படுத்தார். குளிரில் பாதம் வெடித்தது. இந்த வரிகளை எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை அந்த வெடிப்புக்குள் வைக்கலாம் என்கிறார்.

அந்த ஓரிடத்தில் அவர் வாதம் முழுவதும் இருக்கிறது. அடிமைக் குழந்தையின் பாதமும் எழுத்தாளனின் பேனாவும் ஒரே ஆளுடையவை. ‘அடிமைக்கு அறிவு போதாது’ என்ற வாதத்துக்கு வேறு மறுப்புத் தேவைப்படவில்லை. மூன்றாம் மனிதர் யாராவது இதே வெடிப்பை வர்ணித்திருந்தால் வாசகருக்கு இரக்கம் வந்திருக்கும். இவர் எழுதும்போது இரக்கத்தோடு கூச்சமும் வருகிறது, ஏனென்றால் இவர் வாசகரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

ஆனால் எல்லாவற்றையும் சொல்லவில்லை. எப்படித் தப்பினேன் என்பதைச் சொல்ல மாட்டேன், பின்னால் வருகிறவர்களுக்கு வழி அடைபட்டுப்போகும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். கறுப்பின மாலுமி ஒருவரின் அடையாளச் சீட்டைக் கடன் வாங்கி ரயிலேறிய கதையை அவர் விரிவாக எழுதியது 1881இல். அடிமை முறை ஒழிந்து பதினாறு ஆண்டு கழித்து.

பெயர் சொன்னதற்கு விலை இருந்தது. எஜமானர் குடும்பத்துக்கு இப்போது ஆள் இருக்குமிடம் தெரியும். சட்டப்படி பிடித்துப் போகலாம். 1845 ஆகஸ்டில் டக்ளஸ் கப்பலேறி பிரிட்டனுக்குப் போனார். அங்கிருக்கும்போது டெலவேர் மாநிலப் பத்திரிகையில் தாம்சன் என்பவர் எழுதிய மறுப்பு வெளியாயிற்று. அந்த ஆளை எனக்குத் தெரியும், பெயர் பிரடெரிக் பெய்லி, சாதாரண ஆள், எழுதப் படிக்கத் தெரியாதவன், இந்தப் புத்தகத்தை அவன் எழுதியிருக்க முடியாது. அதில் சொல்லப்பட்ட எஜமானர்கள் எல்லோரும் எனக்கு வேண்டிய நல்ல மனிதர்கள் என்பது மறுப்பின் சாரம். டக்ளஸ் 1846 ஜனவரியில் ஸ்காட்லாந்திலிருந்து பதில் எழுதினார். தாம்சனுக்கு நன்றி சொன்னார். நான் அடிமையாக இருந்ததே இல்லை என்று சொன்னவர்களின் வாயை அடைத்துவிட்டீர்கள். ஆளும் உண்மை, எஜமானர்களும் உண்மை என்று எதிர்த்தரப்பே சான்று கொடுத்துவிட்டது என்றார். வில்லியம்ஸ் நூல் இடறி விழுந்த அதே இடத்தில் டக்ளஸ் நூல் நிமிர்ந்து நின்றது. அந்த ஆண்டுக் கடைசியில் பிரிட்டிஷ் நண்பர்கள் 150 பவுன் திரட்டி அவர் விடுதலையைச் சட்டப்படி வாங்கினார்கள்.

பெண்ணுக்கு இந்தப் பாதை இன்னும் குறுகல். வட கரோலினாவின் ஈடன்டன் ஊரைச் சேர்ந்த ஹேரியட் ஜேக்கப்ஸ், எஜமானர் ஜேம்ஸ் நார்காமின் தொல்லை தாங்காமல் 1835இல் தலைமறைவானாள். பிடித்துக் கொடுத்தால் நூறு டாலர் என்று நார்காம் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். அவள் ஊரை விட்டுப் போகவில்லை. பாட்டி வீட்டுக் கூரைக்கும் பலகைக்கும் நடுவே, ஒன்பதடி நீளம், ஏழடி அகலம், உயர்ந்த இடத்தில் மூன்றடி உயரமே இருந்த இடுக்கில் கிட்டத்தட்ட ஏழு ஆண்டு ஒளிந்திருந்தாள். நிமிர்ந்து உட்கார முடியாது. கையில் அகப்பட்ட துளையாணியால் பலகையில் மூன்று வரிசையாகத் துளை போட்டு, இடையில் இருந்ததையும் குடைந்தெடுத்து, ஓர் அங்குல ஓட்டை உண்டாக்கி, தெருவில் விளையாடும் தன் பிள்ளைகளைப் பார்த்தாள். நியூயார்க் செய்தித்தாள் துண்டு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து தெருப் பெயர்களைப் பொறுக்கி, நியூயார்க்கிலிருந்து எழுதுவதுபோல் கடிதம் எழுதி, அங்கே போகிற ஆள் மூலம் தபாலில் சேர்க்கச் செய்து நார்காமை நம்பவைத்தாள்.

விடுதலை பெற்ற பிறகு, ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய ஹேரியட் பீச்சர் ஸ்டோ தன் கதையை எடுத்துத் தன் நூலில் சேர்த்துக்கொள்ள நினைத்தது ஜேக்கப்ஸுக்குப் பிடிக்கவில்லை. பகலில் பிறர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் தானே எழுதினார். திருமணம் ஆகாமல் பிள்ளை பெற்றதையும் எழுதினார். ஆனால் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில், எல்லோர் பெயரையும் மாற்றி. 1861இல் நூல் வந்த கொஞ்ச காலத்தில் உள்நாட்டுப் போர் வந்தது, நூல் மறந்துபோயிற்று. இருபதாம் நூற்றாண்டு அறிஞர்களில் பலர் அதை நாவல் என்றும், தொகுத்த வெள்ளைப் பெண்மணி லிடியா மரியா சைல்டின் கைவேலை என்றும் தள்ளினார்கள். ஜீன் ஃபேகன் யெல்லின் பழைய கடிதக் கட்டுகளைத் தேடிப் படித்து, மாற்றிய பெயர்களுக்குப் பின்னால் இருந்த நிஜ ஆட்களைக் கண்டுபிடித்து, 1987இல் ஆதாரங்களோடு பதிப்பித்த பிறகுதான் நூலின் மேல் ஜேக்கப்ஸின் பெயர் நிலைத்தது.

அடிமைகள் விடுதலையான தோட்டங்களுக்கும் பிறகு வந்த புதிய தோட்டங்களுக்கும் அடுத்த ஆட்கள் ஒப்பந்தக் கூலிகளாக நம் பக்கத்திலிருந்து போனார்கள். 1834 முதல் மொரீஷியஸ், 1860 முதல் நேட்டால், 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாக பிஜி. 1894இல் டர்பனில், முதலாளி அடித்து முன்பல் இரண்டு உடைந்து இரத்தம் வழிய, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியின் அலுவலகத்தில் வந்து நின்ற பாலசுந்தரம் தமிழர். காந்தி அவருடைய வாக்குமூலத்தை மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோனார். ஒப்பந்தக் கூலிக்குச் சாட்சி சொல்லும் உரிமையாவது இருந்தது.

பிஜியில் கரும்புத் தோட்டப் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினார். அதே பிஜியில் இருபத்தோரு ஆண்டு கழித்துவிட்டு 1914இல் திரும்பிய தோத்தாராம் சனாத்யா சொல்லச் சொல்ல பனாரசிதாஸ் சதுர்வேதி இந்தியில் எழுதிய நூல், தோத்தாராமின் பெயரில், தன் அனுபவமாகவே வெளிவந்தது. மேரி பிரின்ஸும் சூசன்னாவும் உட்கார்ந்த அதே முறை. அந்த நூல் பல இந்திய மொழிகளில் பெயர்ந்து, கூலி ஒப்பந்த முறைக்கு எதிரான கிளர்ச்சிக்குக் கைகொடுத்தது. 1917இல் ஆள் அனுப்புவது நின்றது. 1920 ஜனவரி முதல் தேதி பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் ரத்தாயின.

இப்படி ஒரு சாட்சியம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். தாத்தாவோ பாட்டியோ நேட்டாலிலிருந்தோ மலாயாவிலிருந்தோ சிலோனிலிருந்தோ எழுதிய கடிதம், நாட்குறிப்பு, கணக்கு நோட்டு எதுவும் வீட்டுப் பரணில் கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எழுதியவர் பெயர், ஊர், ஆண்டு தெரிந்தவரை ஒரு தாளில் குறித்து அதோடு வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத் தெரிவியுங்கள்.